பின் சீட்டு

அறுபதைத் தொட்டால் வண்டி உதறுகிறது என்று தேவசகாயம் சார் தன் பழைய காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தது மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவையும் அவரை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் குனிந்து தரையில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. "உங்க பிரமை சார்" என்று எரிந்துகூட விழுந்தேன்.

இந்த முறை தனியாக ஓட்டிவரச் சொன்னேன். உதறியது என்றார். பின் சீட்டில் மணல் மூட்டை ஒன்றை வைத்து அனுப்பினேன். உதறவில்லை.

"பின்னால வெயிட் இல்லன்னா பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் கோணம் மாறுது சார். அப்பதான் தேஞ்ச ஜாயின்ட் உதறுது. எப்பலேருந்து இப்படி?"

"மார்ச்லேருந்து. அதுவரைக்கும் என் மிஸஸ் கால் நீட்டணும்னு பின்னாலதான் உக்காருவா." மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது எவ்வளவு இருக்கும்?"

"அம்பது கிலோ."

"அவ அம்பத்தெட்டு."

புது ஜாயின்ட் வாங்கிவைக்கிறேன், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் அவர் கார் என்னைக் கடந்துபோனது. பின் சீட்டில் என் மூட்டை இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்.