சுண்ணாம்புக் கோடு

“எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? பேசாம ஊரைப் பாத்துப் போயிரு.”

இன்டர்வியூவுக்கு வந்த இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? தாரணிக்கும் வந்தது.

கொடைக்கானலில் ஒரு பெரிய பள்ளி. ஸ்போர்ட்ஸ் கோச் தேவை என்று விளம்பரம். பூம்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள் தாரணி. பி.பி.எட். படித்தவள், கோ-கோவில் மாநில அளவில் ஆடியவள். ஆனால் பிழைப்புக்கு வட்டக்கானல் காட்டேஜ் ஒன்றில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைத்தால்தான் மறுபடியும் மைதானத்தில் கால் வைக்க முடியும்.

“நீங்க மட்டும் எதுக்கு வந்திருக்கீங்களாம்?” என்றாள் வெடுக்கென்று.

“நான் வேலைக்கு வரலம்மா. என் பேரு செல்வமுருகன், ஊரு பாலசமுத்திரம். வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இங்க வெளையாட்டெல்லாம் ஒண்ணும் கெடையாது, தங்கச்சி.”

அவர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே சிலர் எழுந்து போயிருந்தார்கள். போட்டிக்கு ஆளைக் குறைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே நுழையப் பார்க்கிறார் என்று தாரணி முடிவே கட்டிவிட்டாள்.

“உள்ள என்ன கேக்குறாங்கன்னு மட்டும் கவனிச்சுக்க” என்று அவர் சொல்லும்போதே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே தாளாளர் திருமலைச்சாமியும் பிரின்சிபால் மணிமேகலையும் இருந்தார்கள்.

“எங்க ஸ்கூலுக்கு ஸ்போர்ட்ஸ்தான் உயிர்” என்று ஆரம்பித்தார் மணிமேகலை.

தாரணி சர்ட்டிபிகேட் ஃபைலை நீட்டினாள். தாளாளர் வாங்கி, பிரிக்காமலே ஓரமாக வைத்தார்.

“சத்தமா விசில் ஊதுவியா?”

“கிரவுண்டுக்கு அந்தக் கோடி வரைக்கும் கேக்கும் சார்.”

“நாள் பூரா நிக்கணும். மழை, பனின்னு ஒதுங்கக் கூடாது.”

“பூம்பாறைக்காரி சார். பனியெல்லாம் பழக்கம்தான்.”

“மலையாளம் வருமா?”

“காட்டேஜ்ல பேசிப் பழகியிருக்கேன் சார்.”

கேரளா டீம்களோடு மேட்ச் வைப்பார்கள் போலிருக்கிறது! தாரணிக்குப் புல்லரித்தது.

“திடீர்னு கூட்டமா வந்தா வரிசையா நிறுத்திருவியா?”

“மாஸ் டிரில்லே நடத்தியிருக்கேன் சார்.”

தாளாளர் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் தாரணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், வெளிய செல்வமுருகன்னு ஒருத்தர் உக்காந்துக்கிட்டு, வர்றவங்களை எல்லாம் திருப்பி அனுப்புறாரு.”

தாளாளர் மணியை அழுத்தினார். வாட்ச்மேன் செல்வமுருகனின் தோளைப் பிடித்து கேட்டுக்கு வெளியே தள்ளுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள் தாரணி. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை சம்மர் கேம்ப் ஆரம்பம் என்றார்கள். அன்றைக்கே காட்டேஜ் வேலைக்கு முழுக்குப் போட்டாள்.

சனிக்கிழமை வெள்ளனே, புது டிராக் சூட்டில், பள்ளி மேட்டில் ஏறும்போதே மைதானம் தெரிந்தது. பச்சைப் புல்லில் பளிச்சென்று சுண்ணாம்புக் கோடுகள். தனக்காகவே போட்டு வைத்தது போலிருந்தது. தாரணிக்குக் கண் கலங்கிவிட்டது.

கிட்டே போனாள். கோடுகள் கட்டம் கட்டமாக இருந்தன. ஒரு கட்டத்துக்குள் ஓட முடியாது. ஆனால், தாராளமாக ஒரு கார் நிற்கும்.

கேட்டுக்கு வெளியே கேரளா டூரிஸ்ட் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

தாளாளர் விசிலை நீட்டினார். “வேன் எல்லாம் கோல் போஸ்ட் பக்கம், கார் இந்தப் பக்கம். வெரசா உள்ள விடும்மா, சீசன் டைம்!”

“கேம்ப்புக்கு வர்ற பிள்ளைங்க... சார்?”

“அவங்களுக்குத்தான் ஹால்ல கேரம் போர்டு போட்டிருக்கே! போன சீசன் கோச்சும் உன்னை மாதிரிதான் கேட்டான். ஒருநாள் வேனையெல்லாம் வெளிய நிறுத்திட்டு, பிள்ளைங்களைக் கிரவுண்டுல ஓடவிட்டான். அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன்.”

“யாரு சார் அவரு?”

“என்னம்மா, அதுக்குள்ள மறந்துட்டியா? அன்னைக்கு நீயே காட்டிக் குடுத்தியே, அவன்தான்!”