பதினோரு விதிகள்

“அஃப்ரீன் சைக்கிள் எங்க?”

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்த ஹமீதா பானு, பட்டறைக்குள் காலை வைக்கும் முன்பே கேட்டாள். மூச்சு வாங்கியது.

“அந்தப் பொண்ணு இப்பதான் போச்சுக்கா. ஒன்பதரைக்குப் பரீட்சையாம். சைக்கிள் குடுத்து அனுப்பிட்டோம். ஆனா...” என்று இழுத்தாள் மலர்க்கொடி.

“ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம்! ஓட்டிப் பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தோம்க்கா. சுமையா வேலை பாத்தா, நான் ஓட்டிப் பாத்தேன். அப்பதான்...”

“ஓட்டிப் பாத்து என்னத்தக் கண்டீங்க? மூணு மாசமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனதெல்லாம் வீணாப் போச்சே!”

நன்னிலத்து மகளிர் குழுக்கள் சேர்ந்து நடத்தும் பொதுச் சைக்கிள் பட்டறை அது. சைக்கிள் கொண்டுவருகிறவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லிக் கொடுத்தபடியே பழுது பார்ப்பார்கள். ஹமீதா பானுதான் பொறுப்பாளர். விதி போடுவதென்றால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. ஸ்பேனரை வாயில் கவ்வக் கூடாது, போன் பார்த்துக்கொண்டு காற்றடிக்கக் கூடாது, ஒருவர் பழுது பார்த்ததை இன்னொருவர் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது என்று மொத்தம் பதினோரு விதிகள் சுவரில் தொங்கின. மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று மட்டும் அவள் விதி எழுதவில்லை. எழுதியிருந்தால் முதலில் அவளுக்குத்தான் கஷ்டம்.

“லாத்தா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க...” என்று சுமையா எழுந்தாள்.

“கேக்க நேரமில்ல. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

வெளியே சுவரோரம் ஒரு நீலச் சைக்கிள் நின்றது. அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ரகம். பட்டறைக்கு வருவதில் முக்கால்வாசி அதே நீலம்தான். ஹமீதா பானு கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதில் ஏறி மிதித்தாள். பின்னாலிருந்து இரண்டு பேரும் ஏதோ கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்களைத் திட்டிவிட்டு வந்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குத் தன் மேல்தான் ஆத்திரம். அஃப்ரீனின் சைக்கிளைக் கெடுத்து வைத்ததே அவள்தான். நாளை முதல் பட்டறைச் சாவியை அந்த இருவரிடமும் ஒப்படைப்பதாகக் குழு முடிவு செய்திருந்தது. அதற்கு முன் அவர்களைச் சோதித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அவர்கள் டீ குடிக்கப் போன சமயம், அந்தச் சைக்கிளின் நல்ல பிரேக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, தேய்ந்து மழுங்கிய பழைய கட்டைகளை மாட்டினாள். கழற்றியவை இப்போது அவள் பையில் கிடந்தன.

காலை எட்டு மணிக்கே வந்து நின்றுகொள்ளலாம், அவர்கள் கண்டுபிடிக்காவிட்டாலும் தானே தடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். திருவாரூர் பஸ் நடுவழியில் படுத்துவிடும் என்று யார் கண்டது?

வயல்களுக்கு நடுவே சாலை வாய்க்காலை ஒட்டி நேராகப் போனது. அவள் வெறி பிடித்தவள் போல் மிதித்தாள். எதிரே வந்த தெரிந்த முகங்கள் சிரித்தன. பதிலுக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை.

சமதரையான அந்த வட்டாரத்தில் மேடு பள்ளம் என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றுப் பாலம்தான். ஏறி இறங்கினால் ஒரு வளைவு. வளைவில் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும். அங்கே பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

“யா அல்லாஹ், அந்தப் புள்ளையக் காப்பாத்து. இனிமே இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் எனக்கு வேணாம்.”

ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு உச்சிக்கு வந்தாள். கீழே எட்டிப் பார்த்தவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அஃப்ரீன்! இறக்கத்தின் அடியில், பெட்டிக்கடை வாசலில் பேனா வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீலச் சைக்கிள். ஒரு கீறல் இல்லை.

“அஃப்ரீன், அங்கேயே நில்லு! சைக்கிளத் தொடாத! அதுல பிரேக் இல்ல!” என்று கத்திக்கொண்டே ஹமீதா பானு சைக்கிளில் ஏறிச் சரிவில் விட்டாள்.

நிமிர்ந்து பார்த்த அஃப்ரீன் பேனாவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

“லாத்தா, நீங்க ஏன் அத எடுத்துட்டு வர்றீங்க? அதுதான் என் சைக்கிள்! பிரேக் பிடிக்கலன்னு மலர்க்கொடி அக்கா பின்னால செவப்புத் துணி கட்டி ஓரமா நிறுத்திட்டு, எனக்குப் பட்டறை சைக்கிளக் குடுத்து அனுப்பினாங்க!”

ஹமீதா பானு இரண்டு பிரேக்கையும் பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். சைக்கிள் இன்னும் வேகமெடுத்தது. மலர்க்கொடியும் சுமையாவும் பரீட்சையில் பாஸ் ஆகியிருந்தார்கள்.