ஆடிட்டர் வீட்டு காலிங் பெல்

“அவர் மாடியிலதான் இருக்காரு. உடனே வந்துடாத. அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து பெல் அடி.”

மனைவியின் கிசுகிசுப்பு, பார்சலை எதிர்பார்த்துக் கீழே வந்து, அவளைக் கண்டதும் படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள்களோடு சைக்கிளாகப் பதுங்கியிருந்த ஆடிட்டரின் காதில் அட்சரம் பிசகாமல் விழுந்தது. எதிரே நின்றிருந்தவர் கூரியர்காரர். அவருடைய தோள்பைக்குள் அவள் எதையோ திணித்தாள். இருவரும் சிரித்தார்கள்.

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

ஆடிட்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அடுத்தவர் கிடங்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிற மூக்கு அவருக்கு. அப்போதே பாய்ந்து சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் கூரியர்காரர் மேலே வருகிறார் என்றால் பார்சல் வருகிறது என்று அர்த்தம். கோபம் எங்கே ஓடிவிடப் போகிறது, அப்புறம் பட்டுக்கொள்ளலாம். பின்பக்கப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பெல் அடித்தது. ஆடிட்டரின் முகத்தில் பல்ப் எரிந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்குவதற்குள், வாசலிலேயே டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். உள்ளே மேஜை துடைக்கும் குட்டி மிஷின். “அட்டகாசம்!” என்றார். அதை எங்கேயோ வைத்தார். எங்கே என்பதை அந்த நிமிடமே மறந்துவிட்டு, அடுத்ததை ஆர்டர் போட போனை எடுத்தார்.

இதற்காக மனைவி அவரை டாக்டரிடம்கூட அழைத்துப் போயிருந்தாள்.

“இவருக்குப் பொருள் மேல ஆசையே இல்லம்மா. வரப்போகுது, வரப்போகுதுன்னு காத்திருக்காரு பாருங்க, அப்பதான் மூளையில டோபமைன் சுரக்குது. கைக்கு வந்துட்டா சப்புன்னு போயிடும்” என்றார் டாக்டர்.

ஆடிட்டர் பயபக்தியோடு தலையாட்டினார். லிஃப்ட் கீழே இறங்குவதற்குள் டோபமைனைப் பற்றிய புத்தகம் ஒன்றை ஆர்டர் போட்டார்.

அன்றைக்குத்தான் அவள் தீர்த்துச் சொன்னாள். “வீட்ல ஒண்ணு இந்தப் பெட்டிங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

ஆடிட்டர் சத்தியம் செய்தார். சத்தியத்தின் ஈரம் காய்வதற்குள் மறுபடியும் ஆர்டர் போட்டார். பெட்டிகளும் வந்துகொண்டுதான் இருந்தன. அவளோ அதற்குப் பிறகு மூச்சுவிடவில்லை. தினம் ஒன்று வந்தும் பரண்கூட நிரம்பியபாடில்லை. எல்லாம் நம் ராசி என்று இருந்துவிட்டார் மனிதர்.

இப்போதல்லவா விளங்குகிறது! முடிவு செய்தவள் அவள். பெட்டிகளை இவருக்கு விட்டுவிட்டு, பெட்டி கொண்டுவருகிறவரோடு கிளம்பப் போகிறாள்.

அன்றிரவு ஆடிட்டருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். பெட்டியைப் பிரித்துவிட்டு, “இங்க பாரேன்!” என்று யாரிடம் தூக்கிக் காட்டுவது?

மறுநாள் மதியம் அதே சைக்கிள்கள், அதே பதுங்கல். அவள் துணிப்பைக்குள் கையை விட்டதுமே ஆடிட்டர் பாய்ந்தார். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன.

“என்னடா நடக்குது இங்க?”

“சார், சார்! சட்டையை விடுங்க! கம்பெனி சட்டை சார்!” என்று அலறினார் கூரியர்காரர்.

“ஏங்க, அந்தத் தம்பியை விடுங்க!”

“தம்பியா? நேத்து சிரிச்சியே ஒரு சிரிப்பு, அது தம்பிகிட்ட சிரிக்கிற சிரிப்பா?”

“அக்கா, இந்த வம்பு வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டீங்களா?” கூரியர்காரர் அழாத குறை.

இழுபறியில் அவள் கையிலிருந்த துணிப்பை நழுவியது. உள்ளேயிருந்து ஒரு பார்சல் உருண்டு விழுந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஆடிட்டரின் பெயர்.

“இது என் பார்சலாச்சே! இதை நீ ஏன் இவன்கிட்ட குடுக்கிற?”

“பெல் அடிக்காத அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. அதான்.”

“நான் ஆர்டர் போட்டது வந்தா, அவனே அடிச்சுட்டுப் போறான்!”

“வந்தாத்தானே? டாக்டரைப் பார்த்துட்டு வந்ததுலேருந்து நீங்க போட்ட ஆர்டர் ஒண்ணுகூட வரல. நீங்க குளிக்கப் போறப்ப உங்க போன்லயே எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடுறேன்.”

“அப்போ… தினம் நான் பிரிக்கிறது?”

கேள்வி கேட்டவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்குள் அவருடைய பல் டேப்பில் பதிந்துவிட்டிருந்தது. சர்ரென்று கிழித்தார். உள்ளே, இழுத்தால் நீளும் முதுகு சொறியும் கை. சட்டைக் காலருக்குள் விட்டு ஒரு சொறி சொறிந்து பார்த்தார். சந்தேகமாவது, சண்டையாவது! கண்கள் சொக்கிப் போயின.

“அடடா! இந்த மாதிரி ஒண்ணைத்தான் நான் ரொம்ப நாளா தேடிக்கிட்டிருந்தேன்!”

கசங்கிய சட்டையை நீவிவிட்டபடி கூரியர்காரர் சொன்னார்:

“போன மாசமும் இதையேதான் சார் சொன்னீங்க.”