களைமருந்து

"நெரிடா, அந்தக் கிழத்தை நீங்கதான் வந்து கேக்கணும். என்னால ஆகல!"

ஃபோனில் டானிகா பொரிந்து தள்ளினாள். அவளுடைய மூணு வயசு மகள் இண்டி வெளியே விடச் சொல்லி வீல் வீலென்று கத்துவதும் கேட்டது.

"எந்தக் கிழம்?"

"பக்கத்து வீட்டு டெஸ்தான்! காலையில எங்க விறகுக் குவியல்ல இருந்த பாம்பைப் படம் போட்டேன்ல? 'தேரைதின்னி, விஷமில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்'னு நீங்ககூட பதில் போட்டீங்களே? அதை அவர்கிட்ட காட்டினேன். உம்முன்னு பாத்துட்டுப் போனாரு. அஞ்சே நிமிஷத்துல வந்து, குழந்தை விளையாடற மணல்தொட்டி மேல களைமருந்து அடிச்சுட்டேங்கறாரு. கை தவறிடுச்சாம்! சாயந்திரம் வரைக்கும் அவளை வெளியே விடாதேங்கறாரு. சரி, போய்த் தொலைவாரான்னா, விறகு முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு."

நெரிடாவுக்கு எரிச்சலாக வந்தது. இன்னிஸ்ஃபெயில் ஊர்ப் பக்கம் யார் வீட்டுத் தோட்டத்தில் பாம்பு வந்தாலும் படம் ஃபோனில் அவள் நடத்துகிற பாம்புக் குழுவுக்குத்தான் வரும். அவள் பெயர் சொல்வாள். தேவைப்பட்டால் அவளே போய்ப் பிடிப்பாள். பதினொரு வருஷமாக அவள் சொல்லைக் கேட்டுத்தான் ஜனங்கள் பாம்பை அடிக்கத் தூக்கின மண்வெட்டியைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

டெஸ் ஒருத்தர்தான் குறுக்கே பேசுவார். "படத்தைப் பாத்து ஜோசியம் சொல்லாதே" என்று குழுவில் எல்லார் முன்னாலும் எழுதினார். போன மாசம்தான் அவரைக் குழுவிலிருந்து தூக்கினாள். ஃபோனில் வந்து கத்துவாரே என்று அந்த நம்பரையும் அடைத்து வைத்தாள்.

"பாம்புன்னா அந்த ஆளுக்குக் கை கால் உதறும். இரு, வந்து நாலு வார்த்தை கேக்கறேன்."

அவர் மூஞ்சிக்கு நேரே காட்டலாம் என்று காலையில் வந்த படத்தைத் திறந்து பெரிசாக்கினாள்.

தேரைதின்னியாக இருந்தால் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் தனியாக ஒரு குட்டிச் செதில் இருக்க வேண்டும். காலையில் டீ ஆறிப்போகிற அவசரத்தில் அதைப் பார்க்கவே இல்லை. இப்போது தேடினாள். காணோம். இன்னும் பெரிசாக்கினாள். இல்லவே இல்லை.

ஐயோ! இது சொரசொரப்பான் பாம்பு. தேரைதின்னியை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் கடித்தால் பெரிய ஆளே பிழைப்பது கஷ்டம். இண்டிக்கு மூணு வயசு!

டானிகாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பாம்பு பிடிக்கிற கொக்கியையும் பையையும் வண்டிக்குள் வீசிவிட்டுக் கிளம்பினாள்.

பாதி வழியில் சிவப்பு விளக்கு. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற ரயில் குறுக்கே! பெட்டி பெட்டியாக, ஆடி அசைந்து, இன்றைக்கென்று முடிகிற வழியாகவே இல்லை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்ணினாள். ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள். "கதவைத் திறந்துடாதே, டானிகா. அவ எவ்வளவு அழுதாலும் திறந்துடாதே" என்று வாய்விட்டே சொன்னாள்.

போய்ச் சேர்ந்தபோது இண்டி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்து தட்டிக்கொண்டிருந்தாள். தலை ஈரமாக இருந்தது. இப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள் போல. நெரிடாவுக்கு உயிர் வந்தது.

டெஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் விறகு மேலேயே இருந்தது.

"வந்தியாம்மா? மூணாவது கட்டைக்கு அடியில. வால் தெரியுது பாரு. அதுவும் நகரல, நானும் நகரல."

கொக்கியால் கட்டையை மெல்ல நகர்த்தினாள். எப்படியோ பாம்பைப் பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள்.

"என்ன நெரிடா, தேரைதின்னிதானே?" ஜன்னலிலிருந்து டானிகா கேட்டாள்.

டெஸ் முந்திக்கொண்டார். "அதேதான்! நெரிடா சொன்னா தப்பாகுமா? நான்தான் பயந்தாங்கொள்ளி."

நெரிடா திகைத்துப்போனாள். "ஏன் டெஸ்?" என்றாள் மெதுவாக.

"உன் பேச்சு ஒருதரம் பொய்யாச்சுன்னா, நாளைக்கே இந்தத் தெரு முழுக்க மண்வெட்டியைத் தூக்கும். போம்மா, பையை வண்டியில வை."

போயிருக்கலாம். நாலடி வைத்தாள். முடியவில்லை.

"டானிகா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது கொடிய விஷம். காலையில சரியாப் பாக்காம எழுதிட்டேன். குழுவுலயும் இப்பவே எழுதறேன். என்னை மன்னிச்சுடு."

டானிகாவின் முகம் வெளுத்தது. மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள்.

"சரி... ஆனா இவரு மருந்தடிச்சது? அதுவும் விஷம்தானே?"

நாற்காலி பக்கத்தில் கிடந்த மருந்து கேனை நெரிடா தூக்கினாள். காத்து மாதிரி, கனமே இல்லை. கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. குழாய் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"பழசு அது, வைம்மா கீழே" என்றார் டெஸ், கூச்சத்தோடு.

டானிகா அவரையே பார்த்தாள்.

"அப்ப, 'தைரியம் இருந்தா அந்த நெரிடாவுக்கு ஃபோன் போட்டு என்னைத் திட்டச் சொல்லு பாக்கலாம்'னு காலையில நாலு தடவை என்னை வம்புக்கு இழுத்தீங்களே டெஸ்... அது இவங்களை இங்க வரவழைக்கத்தானா?"