வெதுவெதுப்பான தண்ணீர்

வீட்டை விட்டுப் போன எட்டாவது மாதம் டொமினிக் போன் செய்தது பெண்டாட்டி அமலிக்காக அல்ல, ஃப்ரிட்ஜ் மூலையில் ஒரு கவரில் கிடந்த காய்ந்த புளிமாவுச் சில்லுகளுக்காக. ரொட்டி சுடுவதற்காக அவன் ஏழு வருஷம் வளர்த்த மாவு. கையோடு பாட்டிலில் கொண்டுபோன மாவில் பூசணம் பிடித்துவிட்டதாம்.

"தூக்கிப் போட்டுறாத அமலி, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"நானே உயிர் குடுத்து வைக்கிறேன், வா."

குப்பைத் தொட்டிக்குத்தான் முதலில் கை போனது. ஆனால் காய்ந்து கிடப்பதைக் கொட்டினால் அவனுக்கு என்ன வலிக்கப் போகிறது? சில்லுகளை ஊறவைத்தாள். தண்ணீரில் சூடு கூடினால் மாவு செத்துவிடும் என்று அவன் எத்தனை முறை கத்தியிருக்கிறான்! விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். தினமும் பாதியை வழித்துக் கொட்டிவிட்டுப் புது மாவு போட்டாள். அவள் டைபாய்டில் சுருண்டு கிடந்தபோதும் அவன் அலாரம் வைத்து எழுந்து இதற்குத்தான் மாவு போட்டான். ஐந்தாம் நாள், பாட்டிலில் அடையாளத்துக்கு மாட்டிய ரப்பர் பேண்டைத் தாண்டிப் பொங்கி, சனியன் குமிழி குமிழியாக மூச்சு விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னிக்கு அதுக்குச் சாப்பாடு போட்டியா?"

சாப்பிட்டியா என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னும் இல்ல. உள்ள வா, உன் கண்ணு முன்னாடியே தண்ணி ஊத்தறேன்" என்றாள் அமலி.

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.