எந்தக் காலை முதலில் வைப்பது

கேட்டைத் திறந்து வெளியே வந்த அம்புரோஸ் சார், கேமராவை நேராகப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

“கட்!” என்றேன்.

லென்ஸைப் பார்த்தவர்களை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தவர் அவர்.

அவரிடம் சினிமா படித்த நாங்கள் அவரைப் பற்றி எடுக்கும் ஆவணப்படத்தின் கடைசிக் காட்சி இது. நியாலாஸ் கிராமத்தில் அவர் வீட்டு வாசலிலிருந்து, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் சார் நடந்து வர வேண்டும். ஒரு கல்லருகே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எடுத்தாகிவிட்டது. படம் என் பேட்டியோடு தொடங்குகிறது. “சார் சொல்லிக்கொடுத்ததுல ஒன்னுகூட நான் மறக்கல” என்று அதில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது முயற்சியில் கண்ணீரும் வந்தது.

உச்சி வெயில். எங்கள் நிழல்கள் காலடியிலேயே சுருண்டு கிடந்தன.

நானும் கேமராவைப் பிடித்திருந்த நிவேந்திரனும் அன்று மாலையே டுரியான் துங்காலில் ஒரு கல்யாண விருந்தைப் படமெடுக்க வேண்டும். ஆறு மணிக்கு மண்டபத்தில் இல்லாவிட்டால் பெண்ணின் அப்பா எங்களைத் தோலுரித்துவிடுவார்.

அடுத்த டேக்கில் சார் தும்மினார்.

அதற்கடுத்ததில் நடந்துகொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டார்.

பிறகு, மோட்டார் சைக்கிளில் போன அங்கமுத்து அண்ணனை நிறுத்தி, அவருடைய ஆட்டுக்கு வயிறு சரியாகிவிட்டதா என்று விசாரித்தார். அண்ணன் விவரமாகவே சொன்னார்.

“ஸ்டெஃபனி, எந்தக் கால முதல்ல வைக்கணும்?”

“எந்தக் காலா இருந்தாலும் சரி சார்.”

“அப்படிச் சொல்லக்கூடாதும்மா. டைரக்டர் நீதானே. யோசிச்சுச் சொல்லு.”

யோசித்தேன். வலது கால் என்றேன்.

இடது காலை வைத்தார்.

நிவேந்திரன் என் காதருகே குனிந்தான். “வயசாயிருச்சுலா, பாவம். பேசாம அவரு போட்டோவப் போட்டு முடிச்சிடலாம்.”

“போட்டோவப் போட்டு முடிச்சா செத்துட்டாருன்னு நினைப்பாங்கடா.”

சொல்லிவிட்டுத் திரும்பினேன். சார் கேட்டருகே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ஒரு விரலை அசைத்து இருபது பேரை அசையாமல் நிற்கவைத்த மனிதர். இந்தப் படத்தை எடுக்க ரொம்பத் தாமதமாக வந்துவிட்டோம் என்று தோன்றியது.

நிவேந்திரனின் கைபேசி அலறியது. பெண்ணின் அப்பா.

“சார், ஆறு மணிக்கு நாங்க மண்டபத்துல இருக்கணும்” என்றேன், கெஞ்சாத குறையாக.

“ஆறு மணிக்கா? மாப்பிள்ளையே எட்டரைக்குத்தான்மா வருவான்.”

சட்டை மாற்றப் போவதாகச் சொல்லி வீட்டுக்குள் போனார். மணி ஐந்தாகியும் வரவில்லை. கடைசியில் அதே சட்டையோடு வந்தார்.

வந்தவர் கேட்டில் நின்று, வேட்டி நுனியைச் சரிசெய்து, வலது காலை எடுத்து வைத்தார்.

லென்ஸைப் பார்க்கவில்லை. தும்மவில்லை. அவருக்கு முன்னால் அவருடைய நீண்ட நிழல் எங்களை நோக்கி வந்தது. செம்பனை ஓலைகளுக்கு இடையே சாய்ந்த வெயிலில் சாலை உள்ளிருந்தே எரிவதுபோல் இருந்தது. கல்லருகே நின்றார். அண்ணாந்து பார்த்தார். அவருடைய நரைத்த தலையைச் சுற்றி ஒளி ஒரு கோடு போட்டது.

நான் கட் சொல்ல மறந்துவிட்டேன்.

சாரின் மனைவி அக்னஸ் ஆன்ட்டி தட்டில் கோப்பைகளோடு வெளியே வந்தார்.

“முடிஞ்சிருச்சா? வெயில் சாஞ்ச பொறவுதான் ஷூட்டிங்கு, அப்போ தேத்தண்ணி கலக்குனாப் போதும்னு காலையிலயே சொல்லிட்டாரு.”

சார் எங்களைப் பார்க்கவில்லை. தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

சரியான வெளிச்சம் வரும்வரை கேமராவைத் திறக்காதே. முதல் வகுப்பின் முதல் பாடம்.

நிவேந்திரனிடம் மெல்லச் சொன்னேன்.

“ஆரம்பத்துல இருக்குற என் பேட்டியத் தூக்கிரு.”