காலடிப்பேட்டைக்கு நாற்பத்திரண்டு

“அருவாமனையை யாரும்மா இவர் முன்னாடி வச்சது?”

“யாரும் வைக்கல மேடம். அவரே எத்துகினு வந்து குந்திக்கினாரு. மீனுன்னா லோகு வேற யாரையும் கிட்ட வுட மாட்டாரு” என்றாள் பூமாரி.

லோகநாதன் தலையை நிமிர்த்தவில்லை. நாற்பதைத் தாண்டியவர், பேச்சென்று பார்த்தால் நாலைந்து வார்த்தைதான். காலையில் பூமாரியோடு காசிமேட்டுக்குப் போய் அவரே தொட்டுப் பார்த்து வாங்கிய சங்கரா மீன். செதில் பறக்கப் பறக்கச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அன்புக்கரசி, கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினாள். அந்தப் பேனா அசையும்போதெல்லாம் பூமாரி தாளை எட்டிப் பார்த்தாள். மனவளர்ச்சிக் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பத்து ஆண்கள் தங்கியிருக்கும் காலடிப்பேட்டை இல்லம் அது. பூமாரிதான் பொறுப்பாளர். நூற்றுக்கு ஐம்பது மார்க் வராவிட்டால் அரசு உதவி நின்றுபோகும். பத்துப் பேரையும் ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

“கேட்டுக்குப் பூட்டே இல்லையே?”

“பூட்டுனா அத்தாவுல்லா பேஜாராயிடுவாரு மேடம். அதோ, கேட்டாண்ட நின்னுகினு கன்டெய்னர் லாரி பாக்குறாரு பாருங்க, அவருதான். தாண்டி ஒரு அடி வைக்க மாட்டாரு.”

“வச்சுட்டா?”

“எதுத்தாப்புல டீக்கட பாய் கீறாரு. அவரு இல்லாட்டி இஸ்திரிக்காரம்மா. தெருவே பாத்துக்கும் மேடம்.”

“தெருவுக்கு மார்க் போட இதுல இடமில்லம்மா.”

கேமரா இல்லை. டைல்ஸ் இல்லை. சுவரில் யாரோ கரியால் பெரிய கப்பல் ஒன்று வரைந்து வைத்திருந்தார்கள். கூடத்தில் இரண்டு பேர் டிவி ரிமோட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சண்டை போடுறாங்க, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க?”

“போடட்டும் மேடம். உங்க வூட்ல போட மாட்டாங்களா?”

சொன்ன பிறகுதான் பூமாரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மணலி புதுநகர்ல ஒரு இல்லம் இருக்கு. போய்ப் பாருங்க” என்றாள் அன்புக்கரசி. “தரையில முகம் பார்க்கலாம். மூலைக்கு மூலை கேமரா. ஒரு சத்தம் கேக்காது. அவங்கவங்க கட்டில்ல அவங்கவங்க உட்கார்ந்திருப்பாங்க. தொண்ணூத்தஞ்சு மார்க் போட்டேன்.”

பூமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே ஒரு லாரி ஹாரன் அலறியது. அத்தாவுல்லா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

“இழுத்து வெளியே கொண்டுவர மாட்டீங்களா?”

“இன்னாத்துக்கு மேடம் இழுக்கணும்? பக்கத்துல போய் குந்திக்குவேன். அவரா வெளிய வருவாரு.”

“யாராவது காரணமே சொல்லாம அழுதா?”

“காரணம் தெரியாட்டி இன்னா, கூட குந்திக்க வேண்டிதான்.”

“அதுக்கும் நிறுத்தலைன்னா?”

“நானும் கொஞ்ச நேரம் அழுவேன். அப்பால அவரே என்னெ சமாதானம் பண்ணுவாரு.”

இதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிற கேள்விகள் மாதிரியே தெரியவில்லை. அச்சடித்துக் கொடுத்தது போதாமல் இந்த அம்மா சொந்தமாக வேறு குற்றம் தேடுகிறாள் என்று பூமாரி நினைத்துக்கொண்டாள்.

மீன் வறுபட்டதும் முதல் துண்டைத் தட்டில் வைத்து லோகநாதன் நேரே அதிகாரியிடம் நீட்டினார்.

“டூட்டியில நான் சாப்பிடக் கூடாதே” என்றாள் அன்புக்கரசி. லோகநாதன் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் உட்கார்ந்து, அவசரப்படாமல், முள்ளில் ஒட்டியதைக்கூட விடாமல் தின்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து கூட்டிப் பார்த்தாள்.

“நாப்பத்திரெண்டு.”

“மேடம், எட்டு மார்க்கு கொறைஞ்சதுக்காவ இவங்கள பிரிச்சிடுவீங்களா?”

“நானா பிரிக்கிறேன்? தாள்ல கேட்டதுக்குத்தான் மார்க். பூட்டு, கேமரா, டைல்ஸ் எல்லாத்தையும் மூணு மாசத்துல போட்டுடுங்க. திரும்ப வர்றேன்.”

“போட முடியலன்னா? லோகுவ எங்க அனுப்புவீங்க?”

“மணலிக்குத்தான்.”

வந்தவரை மரியாதையாக அனுப்ப வேண்டுமே என்று பூமாரி கூடவே ஜீப் வரைக்கும் நடந்தாள். அன்புக்கரசி ஏறப்போனவள் நின்றாள். டிரைவரிடம் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவன் கடைக்குள் போகும்வரை காத்திருந்தாள்.

“அந்த மணலி இல்லத்துல இருக்கிற ஒருத்தரை இங்க சேர்த்துக்குவீங்களா?”

பூமாரிக்குச் சுருக்கென்றது. “இன்னா மேடம், நக்கலா? தொண்ணூத்தஞ்சு மார்க்கு எடத்த வுட்டுட்டு எவன் மேடம் இந்த நாப்பத்திரெண்டுக்கு வருவான்?”

அன்புக்கரசி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என் தம்பிம்மா. நான் போட்ட மார்க்கை நம்பி, நானே கொண்டுபோய் விட்டேன்.”